நூல் தருபவருக்கே துணி விற்கிறீர்களா? இருபக்கப் பாக்கியைக் கழித்து நேர் செய்யும் முறை

திருப்பூர்ப் பக்கம் சின்ன அளவில் நிட்டிங் ஓட்டுபவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகத் தெரியும். ஒரு வியாபாரியிடம் நூல் வாங்குகிறோம். நாம் ஓட்டிய கிரே துணியில், அதாவது சாயம் போடாத துணியில், ஒரு பகுதியை அவரே வாங்கிக்கொள்கிறார். நடுவில் அவருடைய நூலைக் கொடுத்து ஜாப் ஒர்க்காகவும் ஓட்டித் தரச் சொல்கிறார். நாம் அவருக்குத் தர வேண்டியது ஒரு பக்கம், அவர் நமக்குத் தர வேண்டியது இன்னொரு பக்கம். ஆர்டிஜிஎஸ் போட்டு அவர் பணம் அனுப்பி, அதையே நாம் திருப்பி அனுப்புவானேன், கழித்துக்கொள்ளலாம் என்று பேச்சு வரும். பேசி முடிவெடுப்பது எளிது. அதற்குப் பிறகு என்ன எழுத வேண்டும், எந்தத் தேதியில் பதிய வேண்டும், வரிக்கு என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

நாங்கள் ஒரு பார்ட்டியோடு பல வருடம் வாய்ப்பேச்சில் கழித்துக்கொண்டிருந்தோம். அங்கே கணக்கு பார்த்தவர் மாறியதும், புதியவர் பழைய நூல் பில்களை முழுப் பாக்கி என்று எடுத்து வைத்தார். எங்கள் துணி பில்கள் அவர்கள் கணக்கில் எந்த நூல் பில்லுக்கும் எதிராகக் கட்டப்படவில்லை. அதைச் சரி செய்ய இரண்டு ஆடிட்டர் அலுவலகங்களும் சேர்ந்து உட்கார வேண்டியிருந்தது. அப்போது கற்றதை வரிசையாக எழுதியிருக்கிறேன். நூலுக்கும் துணிக்கும் எழுதியிருந்தாலும், அட்டைப்பெட்டிக் கம்பெனியும் பிரின்டிங் பிரஸ்ஸும், ஃபவுண்டரியும் ஸ்கிராப் கடையும் இதையே பின்பற்றலாம்.

1. இரண்டு பக்கமும் ஒரே ஆள்தானா என்று பாருங்கள்

கணக்கைத் தொடும் முன் இதைப் பாருங்கள். நமக்கு நூல் தருவது கணவர் பெயரில் உள்ள தனிநபர் நிறுவனம். துணி வாங்குவது மனைவியும் தம்பியும் பங்குதாரராக உள்ள கம்பெனி. ஆபீஸ் ஒன்று, போன் எண் ஒன்று, பேசுவதும் ஒரே அண்ணன்தான். ஆனால் சட்டத்துக்கு இவை இரண்டு வேறு ஆட்கள். ஒருவர் தர வேண்டியதை இன்னொருவருக்குத் தர வேண்டியதில் கழிக்க முடியாது.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. இரண்டு பக்கத்து பில்லிலும் உள்ள ஜிஎஸ்டி எண்ணை எடுங்கள். அதன் 3-வது எழுத்திலிருந்து 12-வது எழுத்து வரை உள்ளதுதான் பான். அந்தப் பத்து எழுத்தும் இரண்டு பில்லிலும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள். மாநிலம் மட்டும் மாறி முதல் இரண்டு இலக்கம் வேறாக இருந்தால் பரவாயில்லை. பான் வேறு என்றால் மூன்று தரப்பும் கையெழுத்துப் போடும் தனி ஒப்பந்தம் வேண்டும். அதை ஆடிட்டரோ வக்கீலோ எழுதட்டும். கடிதத்தாளில் நாமே எழுதிக்கொள்ளும் விஷயம் அல்ல அது.

நூல் ஏஜென்ட் மூலம் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நூலுக்கு பில் போட்டது மில். பணம் கேட்டு நடப்பது ஏஜென்ட். அந்த ஏஜென்ட்டே தன் சொந்தக் கடைக்கு உங்களிடம் துணி எடுத்திருந்தாலும், அவர் தர வேண்டியதை மில் பாக்கியில் கழித்துக்கொள்ள உங்களுக்கு உரிமை கிடையாது. “நான் மில்லில் சொல்லிக்கொள்கிறேன்” என்ற வார்த்தையை நம்பிக் கழித்தால், மில் உங்களிடம் முழுத் தொகையைக் கேட்கும். கேட்பதில் நியாயமும் இருக்கும்.

2. இரண்டு லெட்ஜரையும் பில் பில்லாக ஒத்துப் பாருங்கள்

அவர்களிடம் லெட்ஜர் கேளுங்கள். கடைசி பேலன்ஸ் மட்டும் போதாது. கடைசியாக நேர் செய்த தேதியிலிருந்து இன்று வரை, பில் எண், தேதி, தொகையோடு வேண்டும். நம்மிடமும் அதே காலத்துக்கு எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்து டிக் அடித்து வாருங்கள். கையில் இருக்க வேண்டியவை:

நாம் போட்ட துணி பில்கள், ஜாப் ஒர்க் பில்கள்
அவர்கள் போட்ட நூல் பில்கள்
டெலிவரி சலான், எடைச் சீட்டு
இரு பக்கமும் போட்ட கிரெடிட் நோட், டெபிட் நோட்
அந்தக் காலத்து வங்கி ஸ்டேட்மென்ட்
ஜிஎஸ்டிஆர் 2பி (நமக்கு பில் போட்டவர்கள் ரிட்டர்னில் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியல்)

வித்தியாசம் வராமல் இருக்கவே இருக்காது. பெரும்பாலும் எங்கே வரும் என்று சொல்லிவிடுகிறேன். முதல் இடம் டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி. ஜாப் ஒர்க் பில்லில் அவர்கள் டிடிஎஸ் பிடித்திருப்பார்கள், நம் கணக்கில் முழுத் தொகை நிற்கும். அடுத்தது வழியில் இருக்கும் சரக்கு: மாதக் கடைசியில் நாம் பில் போட்டு அனுப்பியது அவர்களிடம் அடுத்த மாதத்தில் ஏறியிருக்கும். மூன்றாவது, எடைக் குறைவுக்கு அவர்கள் தாங்களாகப் போட்டுக்கொண்ட டெபிட் நோட். நமக்குச் சொல்லவே மாட்டார்கள். கேஷ் டிஸ்கவுன்ட், தாமத வட்டி, லாரி வாடகை ஆகியவையும் சிறு சிறு தொகையாக உள்ளே கிடக்கும்.

ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் காரணம் எழுதி முடித்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். “ரவுண்டாக வைத்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரவுண்டாக வைத்த தொகை எந்த பில்லுக்கு எதிரானது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஜிஎஸ்டி பார்க்கும்போதும் வழக்கு என்று வரும்போதும் அதைத்தான் கேட்பார்கள்.

3. தகராறில் உள்ளதைத் தனியே வையுங்கள்

துணியில் ஓட்டை, ஜிஎஸ்எம் (துணியின் கனம்) குறைவு, கோடு விழுந்தது, நூலில் எடை குறைவு என்று ஒவ்வொரு பக்கமும் ஏதாவது சொல்லும். பேசி முடியாத கிளெய்மைக் கழிக்கும் தொகைக்குள் கொண்டு வராதீர்கள். கொண்டு வந்தால் அந்தக் குறையை நாம் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அதற்கு ஒரு வரி எழுதி, அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு, மற்றதைக் கழிக்கலாம்.

பேசி முடிந்த கிளெய்முக்கு முறையான கிரெடிட் நோட் வேண்டும். ஜிஎஸ்டி சட்டப்படி வரியைக் குறைக்கும் கிரெடிட் நோட்டைச் சரக்கை விற்றவர்தான் போட முடியும். வாங்கியவர் போடும் டெபிட் நோட் வெறும் கணக்குத் தாள். அதை வைத்து நம் வரி குறையாது. கிரெடிட் நோட்டை ரிட்டர்னில் காட்டவும் கெடு உண்டு. பில் போட்ட நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டு ரிட்டர்ன் போட்ட நாள், இரண்டில் எது முந்தியதோ அது. இந்தக் கெடு போய்விட்டால் விலையைக் குறைத்துக்கொள்ளலாம், கட்டிய வரி திரும்ப வராது. ஆகவே பழைய கிளெய்ம்களை முதலில் பேசுங்கள்.

4. எவ்வளவு கழிக்கலாம்: ஒரு மாதிரிக் கணக்கு

தொகைகள் எல்லாம் ஜிஎஸ்டி சேர்த்தவை.

அவர்கள் நமக்குத் தர வேண்டியது: துணி பில்கள் 2,10,000, 1,85,000, 1,40,000. ஆக 5,35,000 ரூபாய். இதில் மூன்றாவது பில்லில் 18,000 ரூபாய்க்கு ஓட்டைத் துணி என்று கிளெய்ம் நிற்கிறது. அதைத் தள்ளினால் 5,17,000.

ஜாப் ஒர்க் பில் ஒன்று: கூலி 40,000, ஜிஎஸ்டி 2,000, மொத்தம் 42,000. நாம் தனிநபர் நிறுவனம் என்பதால் கூலியில் 1 சதவீதம், அதாவது 400 ரூபாய் டிடிஎஸ். அது அரசுக்குப் போவது, நமக்கு அவர்கள் தர வேண்டியது அல்ல. மீதி 41,600.

ஆகத் தகராறு இல்லாமல் நமக்கு வர வேண்டியது 5,58,600.

நாம் அவர்களுக்குத் தர வேண்டியது: நூல் பில்கள் 3,60,000, 2,40,000. ஆக 6,00,000.

இரண்டில் சின்னத் தொகை எதுவோ அதுதான் கழிக்கக்கூடியது: 5,58,600. முதல் நூல் பில் 3,60,000 முழுதாக அடைகிறது. இரண்டாவதில் 1,98,600 அடைகிறது. மீதி 41,400 ரூபாயை வங்கி வழியாக அனுப்புகிறோம். 18,000 ரூபாய் கிளெய்ம் நம் துணி பில்லில் திறந்தே நிற்கும்.

டிடிஎஸ்ஸைக் கழிக்காமல் 42,000 என்று வைத்திருந்தால் 400 ரூபாய் நம் கணக்கில் இல்லாமலும் அவர்கள் கணக்கில் கூடுதலாகவும் நின்றிருக்கும். 400 ரூபாய்தானே என்று விடாதீர்கள். இப்படிப் பத்துப் பதினைந்து பில் சேர்ந்தால் வருடக் கடைசியில் எந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

எந்த பில் முதலில் அடைகிறது என்பதையும் நீங்களே சொல்லுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59 முதல் 61 வரையிலான பிரிவுகள் இதைப் பற்றியவை. பணம் தருபவர் எந்தக் கடனுக்கு என்று சொன்னால் அதற்குத்தான் போகும். சொல்லாவிட்டால் வாங்குபவர் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். இருவருமே சொல்லாவிட்டால் தேதி வரிசைப்படி பழையது முதலில். பழையது முதலில் என்பதையே வழக்கமாக வைத்துக்கொண்டால் ஜிஎஸ்டிக்கும் நல்லது. காரணம் 7-வது படியில் வருகிறது.

5. கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. கடிதம் இல்லாமல் டேலி கணக்கு மென்பொருளில் மட்டும் கழித்தால் அது நம் பக்கத்துக் கதையாக மட்டுமே நிற்கும்.

நம் லெட்டர்ஹெட்டில் இரண்டு பிரதி எடுங்கள். இரு நிறுவனத்தின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், பான் ஆகியவை மேலே வரட்டும். கீழே இப்படி எழுதலாம்:

“இன்றைய தேதியில் எங்களுக்கு நீங்கள் தர வேண்டிய, பட்டியல் ‘அ’வில் உள்ள பில்களின் தொகை ரூ.5,58,600. உங்களுக்கு நாங்கள் தர வேண்டிய, பட்டியல் ‘ஆ’வில் உள்ள பில்களின் தொகை ரூ.6,00,000. இரு தரப்பும் சம்மதித்து ரூ.5,58,600-ஐ இன்றைய தேதியில் ஒன்றுக்கொன்று கழித்து நேர் செய்கிறோம். அந்த அளவுக்கு இரு பக்க பில்களும் செலுத்தப்பட்டதாக இரு தரப்பும் ஏற்கிறோம். மீதி ரூ.41,400-ஐ வங்கி வழியாக இந்தத் தேதிக்குள் செலுத்துவோம். இந்த எண்ணுள்ள பில்லில் ரூ.18,000 பற்றிய கிளெய்ம் இதில் சேரவில்லை. அதில் இரு தரப்பு உரிமையும் அப்படியே இருக்கிறது.”

பட்டியல்களில் ஒவ்வொரு பில்லின் எண், தேதி, மொத்தத் தொகை, இன்று அடையும் தொகை, மீதி என்று ஐந்து பத்தி வேண்டும். பட்டியலிலும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். தனிநபர் என்றால் உரிமையாளர், கூட்டு என்றால் பங்குதாரர், கம்பெனி என்றால் டைரக்டர் அல்லது அதிகாரம் தரப்பட்டவர். அக்கவுன்டன்ட் போட்ட இனிஷியல் ஆபத்துக்கு உதவாது. 5,000 ரூபாய்க்கு மேல் கடன் தீர்ந்ததாக ஒப்புக்கொள்ளும் தாள் ரசீதாகிறது. ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஸ்கேன் செய்து இருவரின் மெயிலுக்கும் அனுப்பினால் தேதிக்கும் ஒரு சாட்சி கிடைக்கும். வாட்ஸ்அப்பில் “ஓகே அண்ணா” என்று வந்த பதிலை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

மாதாமாதம் இப்படிச் செய்யப் போகிறீர்கள் என்றால் தொடக்கத்திலேயே ஒரு ஒப்பந்தம் போட்டுவிடுங்கள். எந்த பில்கள் கழியும், எந்தத் தேதியில், கிளெய்ம் வந்தால் எத்தனை நாளில் சொல்ல வேண்டும், இவை இருந்தால் போதும். ஒப்பந்தத்துக்கு 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிய காலம் போய்விட்டது. இப்போதைய மதிப்பை ஸ்டாம்ப் வெண்டரிடம் கேட்டு வாங்குங்கள். இந்த ஒப்பந்தம் ஏன் வேண்டும் என்பது கடைசிப் படியில் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. மார்ச் முடிந்ததும் அவர்கள் ஆடிட்டரிடமிருந்து “பேலன்ஸ் கன்ஃபர்மேஷன்” என்று ஒரு தாள் வரும். பெரும்பாலும் அதில் நூல் பாக்கி மட்டும் இருக்கும், நமக்கு அவர்கள் தர வேண்டிய துணிப் பணம் இருக்காது. அப்படியே கையெழுத்துப் போட்டால் நாம் நம் கடனை ஒப்புக்கொள்கிறோம், அவர்கள் தங்கள் கடனை ஒப்புக்கொள்ளவில்லை. கடனை வசூலிக்க வழக்குப் போடும் கெடு பொதுவாக 3 ஆண்டு. காலவரைச் சட்டம் 18-வது பிரிவின்படி, கெடு முடியும் முன் எழுதிக் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் அந்த நாளிலிருந்து கெடு புதிதாக ஓடும். நாம் அவர்களுக்குத் தர வேண்டியதற்குக் கெடு நீளும், அவர்கள் நமக்குத் தர வேண்டியதற்கு நீளாது. அதனால் இரண்டு பேலன்ஸும் உள்ள தாளாகக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடுங்கள். தர மறுத்தால் நாமே இரண்டையும் எழுதி அனுப்புவோம்.

6. டேலியில் பதிவது

பேச்சு வழக்கில் எல்லோரும் “கான்ட்ரா போட்டுவிடு” என்கிறார்கள். புதிதாக வேலைக்கு வந்த பையன் அதைக் கேட்டு எஃப் 4-ஐ அமுக்கிக் கான்ட்ரா வவுச்சரைத் திறப்பான். அது வங்கிக்கும் கையிருப்புக்கும் இடையே பணம் மாற்றுவதற்கு. நமக்கு வேண்டியது எஃப் 7, ஜர்னல் வவுச்சர்.

நூல் பாக்கிக்கு ஒரு லெட்ஜர், துணி பாக்கிக்கு ஒரு லெட்ஜர் என்று இரண்டாக வைத்திருந்தால், நூல் லெட்ஜரை டெபிட், துணி லெட்ஜரை கிரெடிட், தொகை 5,58,600. பில் விவரம் கேட்கும் இடத்தில் “அகெய்ன்ஸ்ட் ரெஃப்” தேர்ந்து, கடிதத்துப் பட்டியலில் உள்ளபடி ஒவ்வொரு பில்லுக்கும் தொகை போடுங்கள். “ஆன் அக்கவுன்ட்” என்று விட்டால் லெட்ஜர் நேராகிவிட்டதாகத் தெரியும், ஆனால் பில்கள் எல்லாம் திறந்தே கிடக்கும். நாங்கள் பட்ட பாட்டின் பாதி இதிலிருந்து வந்தது.

ஒரே லெட்ஜரில் வாங்கலும் விற்பனையும் போடுபவர்களும் உண்டு. வேலை குறைவு. ஆனால் கழிக்கச் சம்மதம் வாங்கும் முன்பே பேலன்ஸ் தானாகக் கழிந்து தெரியும். வருடக் கடைசியில் ஆடிட்டர் எவ்வளவு வர வேண்டியது, எவ்வளவு தர வேண்டியது என்று தனித்தனியே கேட்பார். இரண்டு லெட்ஜரே நல்லது என்பது என் கருத்து.

குறிப்பு எழுதும் இடத்தில் கடிதத் தேதியைப் போடுங்கள். வவுச்சர் தேதியும் கடிதத் தேதியும் ஒன்றாக இருக்கட்டும். அவர்கள் பக்கத்திலும் அதே தேதியில், அதே தொகையில் பதிந்ததற்கு லெட்ஜர் பக்கத்தை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

7. ஜிஎஸ்டி

கழிப்பது பணத்தை மட்டும்தான், விற்பனையை அல்ல. நூலுக்கு அவர்கள் முழு பில் போட வேண்டும், துணிக்கு நாம் முழு பில் போட வேண்டும், இருவரும் முழு வரி காட்ட வேண்டும். “வித்தியாசத்துக்கு மட்டும் ஒரு பில் போட்டுக்கொள்ளலாம்” என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். அது விற்பனையை மறைத்ததாகும். துணி கொடுத்து நூல் வாங்கும் பண்டமாற்றும் ஜிஎஸ்டி சட்டத்தின் 7-வது பிரிவில் சப்ளைதான்.

அடுத்தது 180 நாள் விதி. வாங்கிய பில்லுக்கு, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தரவில்லை என்றால், அந்த பில்லில் உள்ள ஜிஎஸ்டிக்கு எடுத்த வரி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுக்கலாம். இது ஜிஎஸ்டி விதி 37. கழித்து நேர் செய்தாலும் பணம் கொடுத்ததாகுமா என்பதுதான் எல்லோருக்கும் வரும் சந்தேகம். சென்கோ கோல்ட் நிறுவனம் கேட்ட கேள்விக்கு, கணக்கில் கழித்துச் செலுத்தினாலும் வரி வரவு எடுக்கலாம் என்று மேற்கு வங்க முன்தீர்ப்பு ஆணையம் 2019-ல் பதில் சொன்னது. முன்தீர்ப்பு, கேட்டவரையும் அவருடைய அதிகாரியையும் மட்டுமே கட்டுப்படுத்தும். ஆனாலும் நம் கையில் தேதியோடு இரு தரப்புக் கடிதம் இருந்தால் பேச இடம் இருக்கிறது. கடிதம் இல்லாவிட்டால் எந்த நாளில் செலுத்தினீர்கள் என்ற கேள்விக்கு நம்மிடம் பதிலே இல்லை. பழைய பில்லை முதலில் அடைக்கச் சொன்னதும் இதனால்தான்: 180 நாளை நெருங்கும் நூல் பில் எதுவும் திறந்து நிற்காது.

கழிக்கும் முன் அவர்கள் நூல் பில் நம் 2பியில் வந்துவிட்டதா என்று பாருங்கள். வராத பில்லைக் கழித்துவிட்டால், அதை ரிட்டர்னில் ஏற்ற வைக்க நம் கையில் பிடி எதுவும் இருக்காது. வராத பில்லை அடுத்த மாதத்துக்குத் தள்ளுங்கள்.

8. வருமான வரி

டிடிஎஸ் பிடிப்பது கணக்கில் வரவு வைக்கும்போதோ பணம் தரும்போதோ, எது முந்தியதோ அப்போது. கழித்துக்கொண்டோம், பணம் கைமாறவில்லை, அதனால் டிடிஎஸ் இல்லை என்பது தப்பு. நூலை அவர்கள் தந்து நாம் ஓட்டித் தரும் ஜாப் ஒர்க் கூலிக்கு, தனிநபர் என்றால் 1 சதவீதம், கூட்டு நிறுவனம் அல்லது கம்பெனி என்றால் 2 சதவீதம். ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, வருடத்தில் மொத்தம் 1 லட்சத்தைத் தாண்டினாலோ பிடிப்பார்கள். அது நம் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சரக்கு வாங்குவதில், வாங்குபவரின் முந்தைய ஆண்டு விற்பனை 10 கோடிக்கு மேல் இருந்து, ஒரே ஆளிடம் 50 லட்சத்துக்கு மேல் வாங்கினால், மேற்பட்ட தொகைக்கு 0.1 சதவீதம் பிடிக்க வேண்டும். 194சி, 194க்யூ என்று நாம் பழகிய பிரிவு எண்கள் 2025-ன் புதிய வருமான வரிச் சட்டத்தில் மாறிவிட்டன. 2026 ஏப்ரல் 1 முதல் அதுதான் நடைமுறை, ஆகவே கடிதத்தில் பிரிவு எண் எழுதாமல் “டிடிஎஸ்” என்று மட்டும் எழுதினாலே போதும்.

நாளொன்றுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை ஏற்க மாட்டார்கள் என்பதால், கழிப்பதும் அதில் மாட்டுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். சரக்குக்கு எதிராகச் சரக்குப் பணத்தைக் கழிப்பதற்கு வருமான வரி விதிகளில் விதிவிலக்கு இருந்து வருகிறது.

கைமாற்றுக் கடனை மட்டும் இதற்குள் கொண்டு வரவே கூடாது. அவசரத்துக்கு அவர் ஒரு லட்சம் கொடுத்திருப்பார், “அதையும் துணி பில்லில் கழித்துக்கொள்” என்பார். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கடனை வங்கி வழியாகத்தான் வாங்க வேண்டும், திருப்ப வேண்டும். ஜர்னலில் அடைத்தாலும் விதிமீறல்தான் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2012-ல் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் நியாயமான காரணம் இருந்ததால் தண்டம் போடவில்லை. தண்டம் கடன் தொகை அளவுக்கே வரலாம். கடனை வங்கி வழியாகத் திருப்புங்கள், துணிப் பணத்தை அவர் தனியே அனுப்பட்டும்.

உத்யம் (சிறுதொழில்) பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கிய பாக்கிக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள் கெடு. கெடு தாண்டி மார்ச் 31-ல் பாக்கியாக நின்றால், அதை அந்த ஆண்டுச் செலவாக எடுக்க முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் எடுக்கலாம். நாம் நிட்டிங் என்பதால் துணி வாங்கும் அவருக்கு இந்தக் கவலை உண்டு. கடிதம் போட இழுத்தடிக்கும் பார்ட்டியிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் ஆடிட்டரே கடிதத்தை அவசரமாகக் கேட்பார். வெறும் வியாபாரிக்கு நாம் தர வேண்டிய பாக்கிக்கு இந்த விதி பொருந்தாது.

9. வங்கிக்குச் சொல்லுங்கள்

சிசி லிமிட், அதாவது சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் காட்டி வாங்கும் வங்கிக் கடன் வரம்பு, வைத்திருப்பவர்கள் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் தருகிறோம். கழித்த பில்களை அதில் வர வேண்டிய பாக்கியாகக் காட்டக் கூடாது. இன்னொன்று, கழித்த தொகை வங்கிக் கணக்கில் ஓடாது. ஜிஎஸ்டி ரிட்டர்னில் விற்பனை பெரிதாகவும் வங்கி வரவு சிறிதாகவும் தெரியும். லிமிட் புதுப்பிக்கும்போது மேனேஜர் இதைத்தான் முதலில் கேட்பார். கடிதங்களின் நகலைக் கோப்பாகக் கொடுத்தால் பேச்சு அதோடு முடியும். லிமிட்டைக் கூட்டக் கேட்கப் போகிற வருடத்தில் கழிப்பதைக் குறைத்து, பணத்தை வங்கி வழியாகவே ஓட்டுவது நல்லது.

10. கொடுத்த செக்கைத் திரும்ப வாங்குங்கள்

நூலுக்குத் தேதி போட்டோ வெறுமையாகவோ செக் கொடுத்திருப்போம். பில் கழிந்ததும் செக்கைக் கையில் வாங்குங்கள். ஒரு பகுதிதான் கழிந்தது என்றால் பழைய செக்கை வாங்கிக்கொண்டு மீதித் தொகைக்குப் புதியது கொடுங்கள். கடிதத்தில் செக் எண்ணை எழுதி “திரும்பப் பெற்றுக்கொண்டோம்” என்று ஒரு வரி சேருங்கள். “தேடிப் பார்த்துத் தருகிறேன்” என்றால், அந்த எண்ணுள்ள செக்கை இனி வங்கியில் போட மாட்டோம் என்று கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.

11. எந்த நாளில் செய்வது, என்ன செலவு

மாதத்தின் 15-லிருந்து 20-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். 2பி 14-ம் தேதி வரும், 3பி ரிட்டர்ன் போட்டு வரி கட்டுவது 20-ம் தேதி. நடுவில் உட்கார்ந்தால் வராத பில்லைக் கேட்கவும் நேரம் இருக்கும். அவர்களோ நாமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவர் என்றால் காலாண்டுக்கு ஒருமுறை கழித்தால் போதும். மார்ச் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். எல்லோரும் அப்போதுதான் ஓடுவார்கள், கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இருக்க மாட்டார்.

செலவு என்று பார்த்தால் ரெவின்யூ ஸ்டாம்ப், பிரின்ட், ஒருமுறை ஒப்பந்தப் பத்திரம். பழைய கணக்கு ஒத்துப் பார்க்க ஆடிட்டர் அலுவலகம் தனியாகக் கேட்கும். எத்தனை பில் என்று சொல்லி முன்பே தொகை பேசிக்கொள்ளுங்கள். முதல் முறைதான் நேரம் பிடிக்கும். அடுத்த மாதத்திலிருந்து உங்கள் அக்கவுன்டன்ட் அரை நாளில் முடித்துவிடுவார்.

12. கழிக்கக் கூடாத இடங்கள்

பில்லைக் காட்டி நிதி நிறுவனங்களிடம் முன்பணம் வாங்க உதவும் ட்ரெட்ஸ் தளத்தில் பார்ட்டி நம் பில்லை ஏற்று, நாம் அதன் மேல் முன்பணம் வாங்கிவிட்டோம் என்றால் அந்த பில் கழிக்கும் கணக்கில் வராது. பணம் போட்டவருக்கு அவர்கள் கெடு நாளில் முழுத் தொகையும் கட்டியாக வேண்டும்.

வெளிநாட்டுப் பார்ட்டி என்றால் நாமாகக் கழிக்கக் கூடாது. அந்நியச் செலாவணி விதிகள் குறுக்கே வரும். உங்கள் ஏற்றுமதிக் கணக்கு இருக்கும் வங்கியில் எழுதிக் கேட்டு, அவர்கள் வழியாகவே செய்யுங்கள்.

கம்பெனியோ எல்எல்பியோ ஆன பார்ட்டி மீது திவால் நடவடிக்கை தொடங்கி, தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்றுவிட்டது என்றால் கழிப்பதை அன்றே நிறுத்துங்கள். நிர்வாகம் ரெசல்யூஷன் புரொஃபஷனல் கைக்குப் போய்விடும். பார்தி ஏர்டெல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னபடி, அந்தக் கட்டத்துக்குப் பிறகு பொதுவாகக் கழிக்க முடியாது. நடவடிக்கை தொடங்கும் முன்பே அமலில் இருந்த ஒப்பந்தம் கழிக்க இடம் தந்திருந்தால் விதிவிலக்கு உண்டு. ஒரே பரிவர்த்தனையோடு பிரிக்க முடியாமல் பிணைந்த பாக்கிக்கும் விதிவிலக்கு உண்டு. ஒப்பந்தம் இல்லாதவர்கள் நூல் பணத்தை முழுதாகக் கட்ட வேண்டியிருக்கும், துணிப் பணத்துக்குக் கடன்காரர் வரிசையில் நிற்க வேண்டும். அப்படி நேர்ந்தால் அறிவிப்பில் உள்ள கடைசி நாளைப் பாருங்கள். துணி பில்கள், டெலிவரி சலான், இதுவரை போட்ட கழிப்புக் கடிதங்கள் எல்லாவற்றையும் இணைத்து, சரக்கு, சேவை தந்தவர்களுக்கான ‘பி’ படிவத்தில் கிளெய்ம் போடுங்கள்.